பை காத்தல்: ஆறாம் திணை பற்றிய ஒரு முன்னாய்வு

தொல்காப்பியர் காலத்தில் மடிக்கணினி இல்லை. ஆகவே, அலுவல் முடிந்த வெள்ளிக்கிழமை உடன் வந்தவர்களெல்லாம் விமானம் ஏறிவிட, ஞாயிறு இரவு வரை அயல்நகரில் ஒண்டியாகத் திரிபவனுக்கு அவர் திணை வகுக்காமல் போனதில் வியப்பில்லை. ஸ்டாக்ஹோமில் இரண்டு நாள் களப்பணி செய்து அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுச் சிக்கல் யாதோ எனின்: தனியாள் கழிப்பறைக்குப் போனால் பையை யார் பார்த்துக்கொள்வது?

முதற்பொருள்

நிலம்: மேலாரன் ஏரி பால்டிக் கடலோடு கலக்கும் இடத்தில் 14 தீவுகள் மேல் அமைந்த நகரம். பொழுது: நவம்பர்க் கடைசி. பிற்பகல் 3 மணிவாக்கில் சூரியன் விழுந்துவிடுவதால் எற்பாட்டுக்கும் யாமத்துக்கும் வேறுபாடு காண்பது அரிது.

கருப்பொருள்

உணவு, கனேல்புல்லே என்னும் பட்டை மணக்கும் சுருள் பன். புள், அந்தப் பன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் கடற்பறவை. விலங்கு, ஆய்வாளனைவிட நல்ல கோட்டு அணிந்த நாய். தெய்வம், காப்பி.

உரிப்பொருள்

பாலைக்குப் பிரிதல் என்றால் இத்திணைக்குப் பிரியாமை. தலைவன் பையைப் பிரியான். என்னை? அதனுள் கம்பெனி மடிக்கணினியும் பாஸ்போர்ட்டும், ஊரில் கொடுக்க வாங்கிய சாக்லேட்டும் இருத்தலின் என்க.

சான்று ஒன்று. பழைய நகரமான கம்லா ஸ்தானில் மோர்ட்டென் ட்ரோட்சிக் சந்து என்று ஒன்று உண்டு. 36 படிகள்; மிகக் குறுகிய இடத்தில் அகலம் 90 செ.மீ. பாதிப் படியில் எதிரே ஒருவர் வந்தார். ஆய்வாளன் முதுகுப்பையைக் கழற்றி, தூங்கும் பிள்ளையைப் போல மார்போடு அணைத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டான். வந்தவர் பையைப் பார்த்துப் புன்னகைத்தார். அஃறிணை உயர்திணையாகும் இடம் இது.

சான்று இரண்டு. வாசா போர்க்கப்பல். மேற்பாரம் மிகுந்த இக்கப்பலில், புறப்படுமுன் 30 பேரைத் தளத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே அது ஆடிய ஆட்டத்தைக் கண்டு சோதனையை நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்தில், சுமார் 1,300 மீட்டர் போவதற்குள் மூழ்கியது. 1961 ஏப்ரல் 24 அன்று அதை நீருக்கு மேலே கொண்டுவந்தபோது, கப்பலுக்குள் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் அதன் சொந்தக்காரரின் கம்பளித் தொப்பி உட்பட எல்லாம் வைத்தது வைத்தபடி. பால்டிக்கில் உப்புக் குறைவு; மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அங்கே பிழைக்காது. ஆக, ஒருவர் பெட்டியை 333 ஆண்டுகள் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட கடல் இது. ஆனால் கழிப்பறை போய்வரும் அவசரத்துக்கு அதனிடம் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

எதிர்ச்சான்று. ஸ்காண்டிநேவிய நாடுகளில் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, குளிர்காற்றில் தூங்கட்டும் என்று காப்பிக்கடைக்கு வெளியே விட்டுவிட்டு, தாய் உள்ளே உட்காரும் வழக்கம் உண்டு. குழந்தைக்கே காவல் வேண்டாத தேசத்தில் பைக்கு எதற்கு என்று மாற்றுத்தரப்பார் வினவலாம். அவர்களுக்கு விடை: குழந்தைக்குக் கம்பெனி ரசீது கேட்பதில்லை.

இனி முறையியல். எழும்பூர் பிளாட்பாரத்தில் இச்சிக்கலுக்கு என்றோ தீர்வு கண்டாயிற்று. "சார், பையக் கொஞ்சம் பாத்துக்குங்க, தண்ணி புடிச்சிட்டு வந்துர்றேன்." முன்பின் தெரியாதவரிடம் சொத்து முழுவதையும் விட்டுப் போவோம், அவரும் பார்த்துக்கொள்வார். பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும் ஸ்டாக்ஹோம் மெட்ரோவில் இந்த வாக்கியத்தைச் சொல்ல ஆய்வாளனுக்கு இரண்டு நாளும் வாய் வரவில்லை. சனிக்கிழமை முழுவதும் கழிப்பறைக்குப் பையோடுதான் போனான்.

களச்சோதனை. ஞாயிறு பகல், சோதர்மால்ம் தீவில் ஒரு காப்பிக்கடை. முதல் கோப்பைக்குப் பிறகு மறுபடி ஊற்றிக்கொள்வதற்கு அங்கே போத்தோர் என்று பெயர். காப்பிக் குடுவை கடையின் மறுகோடியில். எழுந்தால் மேசை போகும். மேசையைக் காத்தால் காப்பி போகும். ஆய்வாளன் காலிக் கோப்பையின் அடியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அப்போது பக்கத்து மேசைப் பெண்மணி குனிந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "ஒரு நிமிடம் என் பொருள்களைப் பார்த்துக்கொள்வீர்களா?"

திறந்த கணினி, கைப்பை, ஒற்றைக் கையுறை. ஆய்வாளன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, கண் இமைக்காமல் பார்த்தான். கையுறை மேசை விளிம்பில் இருந்தது; அதை நகர்த்தலாமா, அது அதிகார வரம்புக்குள் வருமா என்று யோசித்து, நகர்த்தாமலே காத்தான். நான்கு நிமிடம் கழித்து அவர் நிரம்பிய கோப்பையோடு வந்து "தாக்" என்றார். அவர்கள் மொழியில் நன்றி.

"பரவால்லங்க" என்றான் ஆய்வாளன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் தமிழ்.

அவர் இவனுடைய காலிக் கோப்பையைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். தலையசைத்தார். ஆய்வாளன் எழுந்து, கையை வீசிக்கொண்டு நடந்தான். முதுகு காகிதம் போல இருந்தது.

முடிவு: திரும்பி வந்தபோது பை இருந்த இடத்தில் பை இருந்தது. சர்க்கரை எடுக்க மறந்திருந்தான். ஆய்வாளன் காப்பிக்குச் சர்க்கரை போடுகிறவன் அல்லன். என்றாலும் இன்னொரு தடவை எழுந்து போனான்.