சுவிட்ச் இல்லாத ஹீட்டர்

டொரண்டோவிலிருந்து வந்த மைத்துனனுக்குச் சேலையூரில் குளிர்ந்தது. மார்கழி விடியற்காலை, 20 டிகிரி இருக்கும். குளியலறைத் தரையில் கால் வைத்தவன் துள்ளி வெளியே வந்தான். “மாமா, அம்மாவுக்கு மூட்டுவலி. குளியலறை, அவங்க ரூம் ரெண்டுக்கும் ஃப்ளோர் ஹீட்டிங் போட்டுடலாம். செலவு என்னுது.”

டைல்ஸுக்கு அடியில் மின்கம்பி வலையை விரித்துத் தரையைச் சூடாக்குவது அந்த ஏற்பாடு. கொரியாக்காரர்கள் அடுப்புப் புகையைத் தரைக்கடியில் ஓடவிட்டே இதைப் பல நூற்றாண்டுகள் செய்திருக்கிறார்கள். ஓண்டோல் என்று பெயர். யாரைக் கேட்டுச் செய்தார்களோ தெரியாது. மைத்துனனுக்குக் கேட்காமல் ஓடாது. ஒன்டாரியோவில் மின்பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டுமாம். மின்கசிவு வந்தால் அணைந்துகொள்ளும் கருவி வேண்டுமாம். கம்பியை விரித்து, மின்காப்பை மெகர் வைத்துச் சோதித்த பிறகுதான் டைல்ஸ் ஒட்டலாமாம்.

“இங்க பர்மிட் யார்கிட்ட வாங்கணும்?”

எங்கள் தாம்பரம் 2021இலேயே மாநகராட்சி ஆகிவிட்டது. வீடு கட்ட, குழாய் இழுக்க எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. தரையைச் சுட வைக்க நான் பார்த்த எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற எதிர்வீட்டுக்காரரைக் கேட்டோம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார்.

“சதுர அடிக்கு 12 வாட். நூறு சதுர அடின்னா 1,200. ஏற்கெனவே ஏசி, கீசர், மோட்டார் இருக்கு. 4 கிலோவாட்டைத் தாண்டினா த்ரீ ஃபேஸ். அடிஷனல் லோடுக்கு எழுதிக் குடுக்கணும், டெபாசிட் கட்டணும். பத்து மணி நேரம் ஓடினா நாளுக்கு 12 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 720. நூறு யூனிட் இலவசம்தான். ஆனா 500ஐத் தாண்டினா ஸ்லாபே வேற.” தாளை மடித்து மைத்துனன் கையில் கொடுத்தார். டாலரில் பெருக்கிப் பழகியவன் இப்போது வகுத்துப் பார்த்தான்.

இன்னொரு சிக்கல். ஐரோப்பியத் தரத்தின்படி, ஆட்கள் புழங்கும் இடத்தில் தரையின் சூடு 29 டிகிரியைத் தாண்டக்கூடாது. 2003 மே மாதம் சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. ஐரோப்பிய இன்ஸ்பெக்டர் யாராவது சித்திரையில் ஒரு மத்தியானம் எங்கள் மாடியறைக்கு வந்தால், ஹீட்டர் எங்கே என்று தேடிவிட்டு வீட்டுக்குச் சீல் வைத்துவிடுவார்.

ஹீட்டர் தலைக்கு மேலே இருக்கிறது. ஐந்து அங்குல கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் சாப்பிட்டுப் படுக்கும் நேரம் பார்த்து வட்டியும் முதலுமாக இறக்கும். மின்விசிறி அதையே கிளறி நம்மிடம் கொடுக்கும். அந்தக் காலத்தில் சுண்ணாம்போடு செங்கல் ஜல்லியைக் குழைத்துத் தளத்தில் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். எங்கள் பில்டர் “அதெல்லாம் இப்ப யாரும் போடறதில்ல சார்” என்று சிமென்ட் பூச்சோடு முடித்துக்கொண்டார். இந்த ஹீட்டருக்கு மீட்டர் இல்லை, லோடு இல்லை. அணைக்க சுவிட்சும் இல்லை.

“தம்பி, அந்தப் பணத்துல மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிங்க. அதுக்கு யார் பர்மிஷனும் வேண்டாம்” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

இருபத்தைந்து வருஷம் மின்வாரியத்தில் இருந்தவருக்கு என் மாமியாரைத் தெரியவில்லை. பெயின்டர் பக்கெட்டோடு படியேறியபோது, மூட்டுவலிக்காரர் அவரை முந்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

“தரை சுடலேன்னா வடாம் எப்படிக் காயும் மாப்பிள்ளை? அடியில ஈரம் நிக்கும்.”

“வெயில் இருக்கே அத்தை.”

“வெயில் மேல காயவைக்கும். அடிப்பக்கத்தை நீங்களா காயவைப்பீங்க?”

பெயின்டர் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நீண்ட விசாரணைக்குப் பிறகு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே ஆறடிக்கு நாலடி, பெயின்ட் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. சாக்பீஸை வாங்கி எல்லைக் கோட்டை அத்தையே போட்டார்.

அந்த ஆறடிக்கு நாலடிக்கு நேர் கீழேதான் என் கட்டில்.