பிங்கோ ஆடப் போன புண்ணியவதி

ரோல்ட் டால் 1988இல் எழுதிய ‘மட்டில்டா’ நாவலில் மட்டில்டாவின் அம்மாவுக்கு வாரத்தில் ஐந்து மத்தியானம் பிங்கோ. நாலு வயசுப் பெண் தனியாக நூலகத்துக்கு நடந்துபோய், குழந்தைப் புத்தகங்களை முடித்துவிட்டு டிக்கன்ஸைக் கையில் எடுக்கிறாள். இராத்திரிச் சாப்பாடும் டிவி முன்னால்தான். அது பேசும், இவள் பேசக் கூடாது. அடக்கிவைத்ததெல்லாம் ஒருநாள் கண் வழியே மாய சக்தியாகக் கிளம்பி, தலைமையாசிரியை மேல் தம்ளர் தண்ணீரைக் கவிழ்க்கிறது.

அந்த அம்மாவைத் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து தலை பின்னி, “என்னடி படிக்கிற?” என்று கேட்டிருந்தால் மாயம் ஏது, கதை ஏது, டாலுக்கு ராயல்டிதான் ஏது? கடைசியில் ஸ்பெயினுக்கு ஓடும் அவசரத்தில் அம்மாவும் அப்பாவும் மகளை வகுப்பு டீச்சரிடமே விட்டுவிடுகிறார்கள். காரில் பெட்டி வைக்க இடம் மிச்சம்.