மனசுக்கு ஆல் பாஸ் கிடையாது

கேள்வி: 'நான் தனிமை விரும்பி, ஊரடங்கெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை' என்று 2020 மார்ச்சில் மார்தட்டினேன். மே மாதம் மிக்ஸி சத்தத்துக்கே கத்த ஆரம்பித்துவிட்டேன். என் சுபாவமே பொய்யா? (கும்பகோணம் வாசகி)

பதில்: சுபாவம் நிஜம்தான், தனிமைதான் கிடைக்கவில்லை. இரண்டு அறை வீட்டில் மாமியாரின் சீரியல், பையனின் ஆன்லைன் வகுப்பு, கணவரின் ஜூம் மீட்டிங். அதற்குப் பெயர் கல்யாண மண்டபம். தனியாகவே இருந்த அகமுகிகளும் தப்பவில்லை. அவர்கள்தான் கூடுதலாகத் தவித்தார்கள் என்று அந்த நாட்களில் நடந்த சில ஆய்வுகள் சொல்கின்றன. கலகலப்பான ஆள் பத்து பேருக்கு போன் போட்டு ஆற்றிக்கொள்வார். நீங்கள் ஒருவருக்குப் போடவே ஒன்பது தடவை யோசிப்பீர்கள். வீட்டில் எத்தனை அறை, மாதச் சம்பளம் வந்ததா என்று கேட்காமல் சுபாவத்தை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: 1665-ல் பிளேக் நோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது நியூட்டன் ஊருக்குப் போய்க் கணிதத்தையே புரட்டிப்போட்டார். நான் வெப் சீரிஸ் மட்டுமே பார்த்தேன். (திருநெல்வேலி)

பதில்: அவர் போனது அம்மா வீட்டுக்கு. சமையல் அவர் பொறுப்பில்லை. வாட்ஸ்அப் குழுவும் இல்லை.

கேள்வி: என் கணவர் அப்போது டால்கோனா காபி கலக்கக் கற்றுக்கொண்டார். கலக்கிய கிண்ணத்தைக் கழுவ மட்டும் இன்றுவரை கற்கவில்லை. இது என்ன வகை ஆளுமை? (மதுரை)

பதில்: இதற்குப் பெருந்தொற்றைப் பழி சொல்லக் கூடாது.

கேள்வி: ஊரடங்கு நம் குணத்தையே மாற்றிவிட்டது என்கிறார்களே, நிஜமா? (ஈரோடு)

பதில்: அமெரிக்காவில் 7,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த ஆய்வு 2022-ல் வெளியானது. முதல் சில மாதங்களில் பெரிய மாற்றம் இல்லை. பதற்றப்படும் குணம் கொஞ்சம் குறையக்கூடச் செய்தது. 'எல்லாருக்கும் இதே கதிதானே' என்ற ஆறுதலாக இருக்கலாம். 2021, 22-ல்தான் பெருந்தொற்று வேலையைக் காட்டியது. பழகும் ஆர்வம், புதியதை ஏற்கும் மனம், இணங்கிப்போகும் குணம், பொறுப்பு எல்லாமே சற்றுச் சரிந்தன. வழக்கமாகப் பத்து ஆண்டில் நடக்கும் அளவு மாற்றம் அது. இளைஞர்களுக்குத்தான் அடி பலம். முதியவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அவர்கள் பார்க்காத பஞ்சமா!

கேள்வி: 2020-ல் பத்தாம் வகுப்பு படித்தவன் நான். 'கொரோனா பேட்ச்' என்று இன்னும் கிண்டல் செய்கிறார்கள். (தர்மபுரி)

பதில்: அந்த ஜூன் 9-ந் தேதி ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே அறிவிப்பில் ஆல் பாஸ். அதற்கு முன்னால் இரண்டரை மாதம், பரீட்சை உண்டா இல்லையா என்று தெரியாமலே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கு யார் மதிப்பெண் போட்டார்கள்? கிண்டல் செய்பவர்களை அப்படி உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டாஸ்மாக் மூடியிருந்தபோதே குடிகாரர்கள் திருந்தியிருக்கலாமே? (விழுப்புரம்)

பதில்: குடிநோய்க்குப் பூட்டு மருந்தல்ல. பல வருடம் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். கேரளத்தில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். மருத்துவர் சீட்டு இருந்தால் மது என்று அரசு உத்தரவே போட்டது. உயர் நீதிமன்றம் தடுத்தது. நாம் மே 7-ல் கடை திறந்தோம், மறுநாளே நீதிமன்றம் மூடச் சொன்னது. இரண்டு மாநிலத்திலும் கடையைப் பற்றித்தான் வழக்கு. சிகிச்சைக்காக யாரும் வரிசையில் நிற்கவில்லை.

கேள்வி: அப்பா இன்னும் பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவுகிறார். நோயா, பழக்கமா? (தாம்பரம்)

பதில்: கழுவிவிட்டுக் காபி குடிக்க உட்கார்ந்தால் பழக்கம். கழுவியது போதவில்லை என்று மறுபடி மறுபடி எழுந்து போய், நிறுத்த நினைத்தும் முடியாமல், பொழுதே அதில் கழிந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். எண்ணச் சுழற்சி நோய்க்கு நல்ல மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன. 'விட்டுத் தொலைங்கப்பா' என்று அதட்டுவது அதில் சேராது.

கேள்வி: மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும்? (தஞ்சாவூர்)

பதில்: தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தபோது வேடிக்கை பார்த்த ஊர்தானே? அது என்னவோ சொல்லிக்கொண்டிருக்கட்டும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் போனில் பேசுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.