ஏரியில் ஓடிய ரேஸ்

கார் பத்திரிகைக்காரர்கள் இரண்டு வண்டிகளை ஒப்பிட வேண்டுமென்றால் ரேஸ் டிராக்குக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒருவர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நாலு சுற்று சுற்றிவிட்டு, 'வளைவில் நல்ல நம்பிக்கை தருகிறது' என்று எழுதுவார். யாருக்கு நம்பிக்கை என்று எழுதமாட்டார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவரைக் கேட்டால் வேறு கதை வரும்.

எங்கள் சுண்ணாம்புக்குளத்தில் இந்த விஷயத்தில் அத்தாரிட்டி என் சித்தப்பா. பழவேற்காடு ஏரியில் படகு ஓட்டிய கை. சென்னைக்கு இறால் கொண்டு போகவர நெடுஞ்சாலையில் சோழவரத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்பதால், கார் ரேஸிலும் ஞானம் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை இந்தப் பக்கத்தில் ரேஸ் என்றால் சோழவரம்தான். விமானம் இறங்கப் போட்ட இடமாதலால் நேர்பாதைக்குப் பஞ்சமில்லை. கடைசியில் வளைவு வரும்போதுதான் யார் டிரைவர், யார் சும்மா ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவர் என்பது தெரியும். சித்தப்பா நேர்பாதையைப் பார்க்கவே மாட்டார். அந்த நேரத்தில் வேர்க்கடலை வாங்கப் போய்விடுவார்.

ஊரில் ஒரு மூன்றாம் கை அம்பாசிடர் வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஏறினால் காரா, மீன் ஏலக் கொட்டகையா என்று மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. மாருதி 800 ஊருக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்த காலத்தில், சென்னை மாமா ஒரு வெள்ளை மாருதியில் வந்து இறங்கினார். சித்தப்பா பானெட்டைத் திறக்கச் சொல்லி, குனிந்து பார்த்து, நிமிர்ந்தார்.

"இன்னா மச்சான் இது, இஞ்சின் குறுக்கால படுத்துக்கினு கீது?"

"முன்சக்கரம்தான் இழுக்கும். புது டெக்னிக்."

"முன்னால இருந்து இழுக்கறதுக்குத்தான் மாடு கீதே. அதுக்கு எதுக்கு பெட்ரோலு?"

புது டெக்னிக் என்று மாமா சொன்னது பாதிதான் சரி. அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதே மோரிஸ் குடும்பத்தில்தான் 1959-ல் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே படுக்கவைத்து, முன்சக்கரத்தை இழுக்கவிட்டு, மினியைக் கொண்டுவந்தார். அந்தக் குட்டிக் கார் 1964-ல் மான்டி கார்லோ ராலியையே ஜெயித்தது. மாருதி அந்த வழியில் வந்தது. ஆகவே அன்று எங்கள் வாசலில் நின்றவை இரண்டும் ஒருவகையில் பங்காளிகள். பங்காளிகள் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கோடை. ஏரி உள்வாங்கி, கரையோரம் தரை காய்ந்து பாளமாகக் கிடந்தது. வலை கட்டுகிற சவுக்குக் கழிகளை நட்டு வளைவுகள் குறித்தோம். மூன்று சுற்று. உள்பக்கம் யாருக்கு, வெளிப்பக்கம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்த்தார்கள். ஏரியில் யார் எங்கே என்றைக்கு வலை போடுவது என்பதையே பாடு முறை வைத்துத் தீர்க்கிற ஊருக்கு இது பெரிய வேலையில்லை.

நேர்பாதையில் மாமா பறந்துவிட்டார். மாருதி 796 சிசிதான், ஆனால் எடை சுமார் 650 கிலோ. அம்பாசிடர் எஞ்சின் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது என்றாலும், ஒரு டன்னுக்கு மேலான உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். முன் சீட்டு ஒரே பெஞ்சு என்பதால் சித்தப்பாவோடு நானும் இரண்டு அண்ணன்களும் வேறு. முதல் வளைவில் வண்டி இடப்பக்கம் திரும்பியது, நாங்கள் மூவரும் மொத்தமாகச் சித்தப்பா மேல் சாய்ந்தோம். அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. காலை அழுத்தினார். பின்பக்கம் வழுக்கி வெளியே போனது. அவர் அலட்டிக்கொள்ளாமல் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தார், வண்டி நேரானது. படகும் இப்படித்தான் திரும்பும்: சுக்கானைத் தள்ளினால் முதலில் வால்தான் வெளியே வீசும், தலை பிறகுதான் பார்க்கும். நாற்பது வருஷமாகப் பின்பக்கத்தைச் சமாளித்தே பிழைத்தவருக்கு அம்பாசிடரின் வால் ஒரு பொருட்டே இல்லை. இதற்கு ஓவர்ஸ்டீர் என்று பெயர் என்பதும் அவருக்குத் தெரியாது.

மாமாவுக்கு நேர்ந்தது அண்டர்ஸ்டீர். இழுக்கிற வேலையும் முன்சக்கரத்தின் தலையில்தான், திரும்புகிற வேலையும் அதன் தலையில்தான். வேகம் மிதமாக இருந்தால் இரண்டையும் ஒழுங்காகச் செய்யும், சொல்லப்போனால் அம்பாசிடரைவிட அழகாகவே செய்யும். டயரின் பிடிப்பு மொத்தத்தையும் இழுப்பதற்கே செலவழித்துவிட்டால் திரும்ப மீதி இருக்காது. இரண்டாம் சுற்றின் கடைசி வளைவில் மாமா ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தும் காலை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மூக்கு உள்ளே திரும்பியிருக்கும். அவர் இன்னும் அழுத்தினார். சக்கரம் ஒரு திசை பார்க்க, கார் வேறு திசையில், கழியைச் சாய்த்துக்கொண்டு, காயாத சேற்றில் போய் மூக்கை ஊன்றி நின்றது. இரண்டு கொக்குகள் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தன.

சித்தப்பா ரேஸை நிறுத்தி, வலைக்கயிற்றை எடுத்து மாருதியின் பின்னால் கட்டினார். "பாத்தியா மச்சான், இப்போ பின்னாலருந்துதானே இழுக்கணும்?" என்று கேட்டுவிட்டு அம்பாசிடரை முறுக்கினார். அதன் பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றி, பாளத்தை உடைத்து, தரைக்குள் இறங்கின. இப்போது இரண்டு வண்டிகளையும் இழுக்க ஆள் வேண்டியிருந்தது. ஊரே கயிற்றைப் பிடித்தது. மாமாவின் வெள்ளை பேண்ட் எங்களூர்ப் பேண்ட் ஆனது.

யார் ஜெயித்தது என்று அன்று ராத்திரி மீன் குழம்போடு பெரிய தகராறு. சேற்றுக்குப் போகிறவரை முன்னால் போனது தான்தான் என்றார் மாமா. உண்மையில் மூன்று சுற்றையும் முடித்தது, வாடகை சைக்கிளில் பின்னாலேயே வந்துகொண்டிருந்த என் தம்பி ஒருவன்தான். சைக்கிளும் பின்சக்கரத்தில் ஓடுகிற வண்டி என்று சொல்லி, சித்தப்பா அந்த வெற்றியையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.