நேற்று எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்?

எண்பதுகளில் பூட்டானில் வாத்தியார் வேலை பார்த்த நம் ஊர்க்காரர் யாரேனும் இதைப் படித்தால், புன்ட்ஷோலிங்கில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு புழுக்கம் விலகிக் குளிர் ஏற ஏற, பக்கத்து இருக்கைக்காரர் தன் கோ அங்கியின் மடிப்புக்குள்ளிருந்து எடுத்து நீட்டிய வெற்றிலை பாக்கு அவருக்கும் நினைவு வரும். டோமா என்பார்கள், பச்சைப்பாக்கின் வேகத்தில் காது மடல் வரை சூடேறும். மொழி தெரியாத நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் உறவு அந்த வெற்றிலைதான்.

மாலையானால் நான் தங்கியிருந்த வீடே புகாரி அடுப்பைச் சுற்றிக் கூடிவிடும். மிளகாயும் பாலாடைக்கட்டியும் கொதிக்கும் எமா தட்ஷியின் வாசனையில், ஊரிலிருந்து வாரக்கணக்கில் பயணப்பட்டு வந்த கடிதத்தை நான் மறுபடி மறுபடி படிப்பேன். பாட்டியம்மா மொழி புரியாமலே என் முகத்தைப் பார்த்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று சைகையில் கேட்பார். விடுமுறை நாள் முழுக்க வில்வித்தை. அம்பு இலக்கில் தைத்தால் ஆட்டமும் பாட்டும். அந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1999இல்தான். மொத்த உற்பத்தியைவிட மொத்த மகிழ்ச்சியே முக்கியம் என்று மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் எழுபதுகளிலேயே சொல்லியிருந்தார். ஆசிரியர் அறையில் நாங்கள் அதை வியந்து பேசுவோம். அந்த மகிழ்ச்சியைக் கணக்கெடுக்க ஒருநாள் வீடு வீடாக ஆள் வருவார்கள் என்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை.

வந்தார்கள். 2010, 2015, 2022 என்று பூட்டான் ஆய்வு மையம் கணக்கெடுத்தது. 9 துறைகள், 33 குறியீடுகள். எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள், அக்கம்பக்கத்தாரை நம்புகிறீர்களா, தாய்மொழி நன்றாகப் பேச வருமா, காட்டு விலங்குகள் பயிரை அழிக்கின்றனவா என்றெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் கணக்குப் போடும் முறை. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு இருந்தால் நிறைவு என்று ஓர் அளவு உண்டு. அதற்குமேல் எத்தனை சேர்ந்தாலும் கூடுதல் மதிப்பு இல்லை. மாளிகைக்காரரும் அளவான நல்ல வீட்டுக்காரரும் அங்கே சமம். மூன்றில் இரண்டு பங்கு நிறைவு கண்டவரே மகிழ்ச்சியானவர். 2010இல் மக்களில் 40.9 சதவீதம் பேர் அப்படி இருந்தார்கள், 2022இல் 48.1 சதவீதம்.

அந்த உயர்வைப் படித்து மனம் குளிர்ந்த நாட்களில்தான், என்னிடம் படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியாவிலிருந்து வீடியோவில் அழைக்கத் தொடங்கினார்கள். கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்த எனக்கு, பெர்த் நகரத்துச் சமையலறையில் எமா தட்ஷி கொதிப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. மகிழ்ச்சிதான், ஆனால் ஊரில் அந்தப் புகாரியைச் சுற்றி இப்போது முதியவர்களே மிஞ்சியிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு நேபாள முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த, ஏறத்தாழ ஒரு லட்சம் நேபாளி மொழி பேசுபவர்களும் என் நினைவை விட்டு அகலவில்லை. கணக்கெடுப்பு வீட்டில் இருப்பவர்களைத்தான் கேட்கிறது. போனவர்களிடமும், போகச் சொல்லப்பட்டவர்களிடமும் கேட்டால்தான் ஒரு நாட்டின் மகிழ்ச்சிக் கணக்கு முழுமையாகும்.

இத்தனைக்குப் பிறகும், ஓர் அரசு தன் குடிமக்களிடம் கேட்ட கேள்விகளில் மிக நல்லவை அவைதான் என்பேன். நம் வாசலுக்கு வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் டி.வி. இருக்கிறதா, வண்டி இருக்கிறதா என்று கேட்கிறார், கேட்கட்டும். கூடவே, நன்றாகத் தூங்குகிறீர்களா, உடம்புக்கு முடியாவிட்டால் பக்கத்து வீட்டார் வருவார்களா என்ற இரண்டையும் சேர்க்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.