வருசநாட்டு முகப்பருவியல்: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

கடமலைக்குண்டு தொடங்கி வருசநாடு வரை வழங்கிவரும் முகப்பருக் கோட்பாடுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வைகை பிறக்குமிடம் வருசநாட்டு மலைதான் என்பதில் அறிஞர்களுக்குள் சண்டையில்லை. பரு பிறக்குமிடம் பற்றித்தான் வீட்டுக்கு வீடு ஒரு கட்சி.

தோல் மருத்துவத்தின் வகைப்பாடு மயிர்க்காலில் தொடங்குகிறது. துளைக்குள் எண்ணெய்ச் சுரப்பும் செத்த செல்களும் அடைத்துக்கொள்ளும். வாய் மூடியிருந்தால் வெண்முள், திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கருப்பு அழுக்கல்ல என்பதால் பீர்க்கங்கூட்டால் தேய்த்துப் பயனில்லை. சிவந்து வீங்கினால் பரு, சீழ் கோத்தால் சீழ்ப்பரு, ஆழத்தில் இறங்கினால் கட்டி. பதின்ம வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் ஏறுவதே முதல் காரணம். உள்ளே குடியிருக்கும் கிருமிக்கு 2016இல் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்று பெயர் மாற்றினார்கள், குடியிருப்பு மாறவில்லை.

வருசநாட்டு மரபோ நாள்காட்டியை ஒட்டி வகுக்கிறது. இலவங்காய் வெடிக்கும் வெயிலில் சூட்டுப்பரு. அடுத்து மாம்பழப்பரு. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின இரவு மூக்கு நுனியில் முளைப்பது முகூர்த்தப்பரு. "யாரோ ஒன்ன நெனைக்கிறாக" என்று தோழிகள் சான்றளிப்பது நினைப்புப்பரு. நினைத்தவர் இன்னாரென்று எந்தப் பருவும் இதுவரை காட்டிக்கொடுத்ததில்லை.

குற்றம் சாட்டப்படுவது எப்போதும் இளசுகளுக்குப் பிடித்த தின்பண்டம்தான். 1969இல் ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் என்ற மூவர் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, அது நிரபராதி என்று தீர்ப்பெழுதினர். ஒப்பீட்டுக்குக் கொடுத்த போலிச் சாக்லேட்டிலும் சர்க்கரையும் கொழுப்பும் இருந்ததே என்று பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறது. பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரைச் சோதித்ததில் ஒரு பருவும் கிடைக்கவில்லை என்று 2002இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கிழங்கு, பழம், மீன், தேங்காய் ஆகியவையே அவர்கள் உணவு.

தேங்காய் என்றதும் நம் பக்கத்து அறிஞர்கள் நிமிர்ந்து உட்காரக்கூடும். அவசரம் வேண்டாம். தீவினர் தின்றது வேறு, நாம் தலையில் ஊற்றி நெற்றியில் வழியவிடுவது வேறு. அதே மூவர் 1970இல், தலைக்குப் பசை தேய்ப்போரின் நெற்றியில் பரு வரிசை கட்டுவதைத் தனி வகையாகவே பதிவு செய்தார்கள். ஆக, மாம்பழத்தையும் முட்டையையும் கூண்டிலேற்றி விசாரித்த வீட்டு நீதிபதியின் கையிலேயே எண்ணெய்க் கிண்ணம் இருந்திருக்கிறது.

மருந்தியலில் சந்தனம், உரசிய சங்கு, பற்பசை ஆகியவற்றை விரைந்து கடக்கலாம். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் 'வெள்ளை கிரீம்' மட்டும் வேடிக்கையல்ல. அதில் ஸ்டீராய்டு இருந்தால் முதலில் முகம் பளபளக்கும், பிறகு பரு படையெடுக்கும். அத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதென்று 2018இல் மத்திய அரசு விதி செய்தது.

எண்ணெய் பற்றிய முடிவை, முறைப்படி, ஓர் அப்பத்தாவின் பார்வைக்கு வைத்தேன்.

"நெத்தியில எண்ணெ எறங்காமப் பாத்துக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கு அப்பத்தா."

"அத எழுதுனவனுக்குத் தலையில முடி இருக்காடா?"


இவ்வினாவுக்குரிய தரவு ஆய்வாளரிடம் இல்லை.