எம்.ஜி.பி. வாங்கலாமா? – கேள்வி-பதில்

கேள்வி (ஹாரோ வாசகர்): ஓய்வு பெற்றுவிட்டேன். கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மீது நெடுநாள் ஆசை. ஜாகுவார் இ-டைப் கட்டுபடியாகாது. வேறு எது?

எம்.ஜி.பி. வாங்குங்கள். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்த கார் அது. அதனால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டாம். முழு பாடியையே 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டு புதிதாக அடித்துத் தருகிறார்கள். 1798 சிசி எஞ்சினில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. பானெட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம் வாசகர்): ஒரு எம்.ஜி.பி. பார்த்தேன். சிவப்பு பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, எஞ்சின் கணீரென்று ஓடுகிறது. முன்பணம் கொடுத்துவிடவா?

பணத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள். எஞ்சின் கெட்டால் வாரக் கடைசியில் கழற்றி இறக்கிவிடலாம். பாடி கெட்டால் உங்கள் ஓய்வூதியம்தான் இறங்கும்.

இந்தக் காருக்குத் தனி சேசிஸ் கிடையாது. ரோட்ஸ்டரில் கூரையும் இல்லை. ஆக முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பவை கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் இரண்டு தகரப் பெட்டிகள்தான். 'சில்' என்பார்கள். முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு ஃபெண்டருக்குள், கதவுக்கு முன்னால் அடிமூலையில் போய்த் தங்கும். ஈரம் காயாது. துரு உள்ளிருந்து தின்று வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

முறையான வேலை என்றால் ஃபெண்டரின் அடிப்பகுதியை அறுத்து, உள் சில், நடுத்தகடு, வெளி சில் மூன்றையும் மாற்றிப் பற்றவைக்க வேண்டும். விற்கிற அவசரத்தில் சிலர் அழுகியதன் மேலேயே புதுத் தகடு ஒட்டிவிடுகிறார்கள். சொத்தைப் பல்லைத் தொடாமல் தங்கத் தொப்பி மாட்டுகிற வைத்தியம் அது. எனக்கு இதில் சமாதானமே கிடையாது. விபத்து நேர்ந்தால் அந்த இடம்தான் மடங்கும்.

எனவே காந்தம், டார்ச், அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற பழைய பேன்ட், மூன்றோடும் போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது தகரமல்ல, பட்டி. கதவின் முன்னும் பின்னும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராக இருக்கிறதா பாருங்கள். பிறகு விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, உறுதியான இடத்தில் ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தை லேசாகத் தூக்குங்கள். கதவு முன்போலவே திறந்து மூடினால் பேச்சைத் தொடரலாம். இறுகினால் நன்றி சொல்லிவிட்டு பஸ் பிடியுங்கள். ஜாக்கியே கூடாது என்று அவர் மறுத்தாலும் பஸ்தான்.

கேள்வி (கிராய்டன் வாசகி): கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தவை மலிவாகக் கிடைக்கின்றனவே?

அமெரிக்கச் சட்டத்துக்காக 1974 கடைசியில் வந்த பம்பர் அது. காரையும் உயர்த்தினார்கள், அதனால் வளைவில் சாய்வு கூடியது. அழகு குறைந்தது என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும், உங்களுக்கு விலை குறைகிறது. அழுகிய குரோம் பம்பர் காரைவிட, உறுதியான ரப்பர் பம்பர் காரையே நான் சொல்வேன். 1965-இல் வந்த கூரை போட்ட ஜி.டி.யையும் பாருங்கள். இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினா கை வைத்த வடிவம். பெரும்பாலும் ரோட்ஸ்டரைவிட விலை குறைவு.

கேள்வி (லெஸ்டர் வாசகர்): இந்தக் கார்களின் மின்சாதனங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வயரிங் என்றாலே இருட்டு என்று கேலி செய்கிறார்களே?

கேலி பழையது, வயரும் பழையது. விளக்கு மங்கினால் முதலில் எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், பெரும்பாலும் பிரகாசம் திரும்பிவிடும். 1967 வரை வந்த கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்காமல் ரேடியோவை இணைத்தால் புகைதான் வரும். 1974 வரையிலான கார்களில் இருக்கைக்குப் பின்னால், தரைக்கடியில், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். அந்தத் தொட்டியும் துருப்பிடிக்கும்.

கேள்வி (ரீடிங் வாசகர்): பெட்ரோல்?

2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றிவிட்டு, இ5 என்று எழுதிய சூப்பர் பெட்ரோலைப் போடுங்கள். ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்ற கடின வால்வு சீட் போட்டாயிற்றா என்று விற்பவரிடம் ரசீதோடு கேளுங்கள்.

கேள்வி (மில்டன் கீன்ஸ் வாசகி): 40 வருடம் தாண்டிய காருக்கு எம்.ஓ.டி. என்கிற வருடாந்திரத் தகுதிச் சோதனை வேண்டாமாமே?

பெரிய மாற்றம் எதுவும் செய்யாத காருக்கு 2018 முதல் கட்டாயமில்லை. வரிவிலக்கும் உண்டு, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். இருந்தாலும் வருடம் ஒருமுறை சோதனைக்கு அனுப்புங்கள். பிரேக் குழாயை அடியிலிருந்து வேறொருவர் பார்ப்பதற்கு அந்தக் கட்டணம் மிகக் குறைவு. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது கார் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி (ஹல் வாசகர்): மழையில் ஒழுகுமா?

ஒழுகும். வீடு வந்ததும் கார்பெட்டைத் தூக்கித் தரைத்தகட்டைத் துடைத்து உலர்த்துங்கள். சாலையில் உப்பு போடும் மாதங்களில் கொட்டகையிலேயே இருக்கட்டும். உப்பு கழுவிப்போன உலர்ந்த நாளில் எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும்.